நூல் பிடித்துச் சொன்ன தூரம்

போன மாதம் அக்காவின் பேரன் வீட்டுக்கு வந்திருந்தான். கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் போய்த் திரும்பியவன். "இருநூத்தி எழுபது மைலுக்குக் கொஞ்சம் மேல. ஒரு மணி நேரந்தான். பெல்ட்டைப் போட்டுக் கழட்டுறதுக்குள்ள ஊர் வந்திருது" என்றான். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாத்திரை போட வேண்டும் என்று சாக்குச் சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டேன்.

என் வயதை ஒத்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளசுகளுக்கு விளங்காது. பதுளைக்கும் திருச்சிக்கும் நடுவே அந்தக் காலத்தில் எத்தனை நாள் கிடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களுக்குள் ஒரு குடும்பம் என்னென்ன செய்து முடித்துவிடும் என்பதும் தெரியும். அக்கா காலமாகி மூன்று வருஷமாகிறது. இனி இதைச் சொல்வதால் யாருக்கும் கெடுதல் இல்லை. எனக்குத்தான் வெட்கம்.

முதல் பெரிய யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினாறு. பதுளைக் கடைவீதியில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடையில் ஒரு பக்கம் ஜவுளி, மறு பக்கம் பலசரக்கு. புதுத்துணியின் கஞ்சி வாசமும் கருவாட்டு வாசமும் கலந்து எங்கள் தலைமுடி வரைக்கும் ஏறியிருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பெண் மூக்கைச் சுளிப்பாள். ரயில் அப்போது பதுளைக்கு வரவில்லை. பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மலைச்சாலையில் வண்டி பிடித்து வர வேண்டும்.

கடைச் சுவரில் இலங்கைப் படம் ஒன்று தொங்கியது. துணியில் ஒட்டிய பெரிய படம். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுப்போனதை, தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர் அப்பாவிடம் கொடுத்திருந்தார். மலைநாட்டுச் சாலைகள் அதில் சிவப்புக் கோடாக, ஒரு வளைவு விடாமல் போட்டிருக்கும். கடல் தாண்டிய ஊர்களுக்கு என் பள்ளிக்கூடப் படப்புத்தகம் இருந்தது. தையல் நூலை இரண்டு ஊர்களுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்து, படத்தின் மூலையில் இருக்கும் மைல் கோட்டில் வைத்து, தூரம் சொல்ல நான் கற்றுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. சரக்கு எடுக்க வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "எங்க பாப்பாகிட்ட ஒரு ஊரைச் சொல்லுங்க, தூரம் சொல்லும்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மடுல்சீமைப் பக்கம் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். தேயிலைக் கொழுந்துக்கறை ஏறிய விரல்கள். "நாமக்கல்லுக்கு எம்புட்டு தூரம் பாப்பா?" என்றாள். நூலைப் பிடித்துக் காட்டினேன். "இத்தினூண்டா? இதுக்கா நான் வந்து பதினோரு வருசமா ஒரு தடவகூடப் போகல?" என்று கேட்டாள். பிறகு அந்த நூலையே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். எல்லோரும் அவளைக் கேலி செய்தார்கள். நானும்தான்.

ஆகாய விமானத்தைப் பற்றிப் பத்திரிகையில் வந்த சேதியை அப்பா படித்துக் காட்டிய நாளில், நான் உடனே நூலை எடுத்துவிட்டேன். பதுளையிலிருந்து திருச்சி நேராகப் பறந்தால் முந்நூறு மைல். மணிக்கு எழுபது எண்பது மைல் போனால் நாலு மணி நேரம். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "அப்படிப் பறந்து போனா கடல் தாண்டினதாக் கணக்கா, தாண்டாததாக் கணக்கா?" என்று கேட்டாள்.

நடந்து வருகிறவர்களுக்கு மட்டும் அப்பா ஒரு தனிக் கணக்கு வைத்திருந்தார். தோட்டத்து ஆட்கள் வண்டிச் சாலையில் சுற்றி வருவதில்லை. தேயிலைக்குள் இறங்கி, ஓடை தாண்டி, குறுக்குப் பாதையில் வருவார்கள். அதனால் நேர்நூல் தூரத்தோடு அதில் பாதியைச் சேர்த்தால் போதும், அதுதான் கால்நடைத் தூரம் என்பார். பசறை ஆட்களிடமும் மடுல்சீமை ஆட்களிடமும் எத்தனையோ தடவை கேட்டுச் சரிபார்த்திருந்தோம். ஒரு மைல் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். இந்தக் கணக்கை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். என் குற்றம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

அக்காவுக்குத் திருச்சிப் பக்கத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. செத்துப்போன அத்தையின் மகன். தாய் தகப்பன் இல்லாதவர், ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு வருஷத்துக்கு முன்பு வந்து ஒரு மாதம் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அப்பாவுக்கு அவர் எழுதும் கடிதங்களில் கடைசி வரி எப்போதும், "வீட்டில் எல்லோரும் சுகந்தானே" என்று முடியும். அக்கா அந்தக் கடிதங்களைக் கேட்டு வாங்கி, அந்தக் கடைசி வரியை மட்டும் படிப்பாள். அம்மாவுக்கு ஏழு மாதம். கடல் தாண்ட முடியாது. அதனால் கல்யாணத்தைப் பதுளையிலேயே, தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வைப்பது என்றும், முடிந்ததும் அக்கா அவரோடு ஊருக்குப் போவது என்றும் முடிவானது.

ஒரு மத்தியானம் அக்கா என்னைக் கூப்பிட்டு, "திருச்சிக்கு நூல் பிடிடி" என்றாள். பிடித்தேன். பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளோடு ஒரே போர்வைக்குள் படுத்தே பழகியவள் நான். எனக்குத் தலை வாரியது, காய்ச்சலில் பக்கத்தில் கிடந்தது, பேய்க்குப் பயந்தால் கொல்லைக்குத் துணை வந்தது எல்லாம் அவள்தான். முந்நூறு மைல் என்று வாயால் சொல்வது வேறு. அவள் அங்கே போய்விடுவாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்பா ஒரு தப்புச் செய்தார், அதுவும் அக்கறையினால். மாப்பிள்ளை தனியாக வர வேண்டாம் என்று, பசறைத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் ஊரிலிருந்து ஆள் சேர்த்துக்கொண்டு திரும்புவதை அறிந்து, அவரோடு சேர்ந்து வரும்படி எழுதிவிட்டார். அப்பா எப்போதும் கடைக்காரராகத் தனி டிக்கெட்டில் போய் வருகிறவர். தோட்டத்துக்கு வருகிற கூட்டத்தை மண்டபத்துக் கரை முகாமில் நோய் இருக்கிறதா என்று பார்க்க நாட்கணக்கில் வைத்திருந்துதான் கப்பலேற்றுவார்கள் என்பது அவர் காதில் விழுந்த விஷயம்தான். ஆனால் அது தன் வீட்டு மாப்பிள்ளைக்கும் பொருந்தும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை வர வேண்டியவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. தை பிறந்தும் மழை விடாத வருஷம் அது. பந்தலுக்கு அடுக்கி வைத்திருந்த ஓலையிலிருந்து நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. புதன்கிழமை பந்தக்கால் நட்டார்கள். அக்காவை மணையில் உட்கார வைத்து மஞ்சள் பூசி நலங்கு வைத்தார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம், உங்களுக்கும் தெரிந்ததுதான். நலங்கு வைத்த பெண்ணுக்குக் குறித்த முகூர்த்தத்தில் தாலி ஏறாமல் போகக் கூடாது. அப்படிப் போனால் அவளுக்கு என்ன பேர் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குத் தபால் கந்தோரிலிருந்து ஆள் ஓடி வந்தான். பண்டாரவளைக்கு முந்தியே வரும் நானுஓயா ஸ்டேஷனில் கொடுத்த தந்தி. மண் சரிந்து ரயில் அதற்கு மேல் போகவில்லை, சாலையிலும் மண், வண்டி கிடையாது, கங்காணியும் தானும் காலை ஏழு மணிக்கு நடந்து புறப்படுகிறோம் என்று மாப்பிள்ளை அடித்திருந்தார்.

கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். முகூர்த்தம் மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். பத்தரைக்கு ராகுகாலம். அதை விட்டால் அந்த மாதத்தில் வேறு நாள் இல்லை. பிறகு அம்மாவுக்குப் பிரசவம், தீட்டு. நானுஓயாவிலிருந்து நடந்து வந்தவர் அங்கே யாரும் இல்லை. ஒருவர் ஒன்றரை நாள் என்றார், இன்னொருவர் மூன்று நாள் என்றார், ஆளுக்கு ஆள் சத்தம் உயர்ந்தது. அப்பா கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கிவிட்டு, "பாப்பா, நூலை எடு" என்றார்.

படத்தைக் கழற்றிப் பாயில் விரித்தார்கள். எல்லோரும் சுற்றி நின்று குனிந்தார்கள். நூலை நேராக இறுக்கிப் பிடித்தேன். இருபத்திரண்டு மைல். பாதி சேர்த்தால் முப்பத்து மூன்று. மழையில் மணிக்கு இரண்டு மைல் நடந்து, நடுவில் எங்காவது படுத்து எழுந்து வந்தாலும் வெள்ளிக்கிழமை ஒன்பது, ஒன்பதரைக்குள் வந்துவிடுவார். மனக்கணக்கு ஒரு நொடியில் முடிந்தது. அதைச் சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் அம்மா, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், "வரலைன்னா என் தம்பி இருக்கான். தாய்மாமன். முறை இருக்கு. எம்மகள் எங்கேயும் போகாம இந்த வீதியிலேயே இருப்பா" என்றாள்.

மாமாவுக்கு முப்பத்தாறு வயது. மாமி விஷக்காய்ச்சலில் போய் இரண்டு வருஷம். எதிர்வரிசையில் வீடு. கடையில் ஜவுளிப் பக்கம் அவர்தான் நிற்பார். பேச்சு மிகக் குறைவு. இந்த வீதியிலேயே இருப்பாள் என்ற சொல் என் காதில் விழுந்ததும், நூலைத் தளர்த்திவிட்டேன். நனைந்த விரலால் அதைச் சிவப்புக் கோட்டின் மேல் வைத்து, நுவரெலியா, வெலிமடை என்று ஒவ்வொரு வளைவிலும் அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டு வந்தேன். வழக்கமாக நான் அப்படிச் செய்வதே இல்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நூலை எடுத்து மைல் கோட்டில் வைத்து, "நாப்பத்தெட்டு" என்றேன்.

"நடக்கிற கணக்குத்தானே? பாதி சேத்துத்தானே சொல்றே?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும்" என்று யாரோ சொன்னார்கள். அப்பா பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் நிமிர்ந்தேன். உள்வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் பூசிய முகம். என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "அந்தப் பையன் வந்து நின்னா நான் அவன் மூஞ்சியில எப்படிக்கா முழிக்கிறது?" என்றார். "வந்தா சாப்பிட்டுப் போறான்" என்றாள் அம்மா. அம்மா கொடுமைக்காரி இல்லை. பயந்துபோயிருந்தாள். பயந்த மனுஷி எப்படிப் பேசுவாள் என்று இப்போது எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு அப்பா என்னைக் கடைக்குள் கூட்டிப்போனார். சவரம் செய்த முகம், ஆனால் கண்கள் சிவந்திருந்தன. குனிந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, இன்னொரு தடவை நூல் வச்சுப் பாருடா. எந்தங்கச்சி மகன். அவளுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார். உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டாவது தடவையும் இடம் கிடைத்தது. ஆனால் மாற்றிச் சொன்னால் முதலில் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். "பாத்துட்டேம்பா. சாயங்காலந்தான்" என்றேன்.

ஒரு ஆளை, அவர்கள் வர வேண்டிய எட்டாம்பிட்டிச் சாலையில் ஒரு மைல் தூரம் அனுப்பிப் பார்த்திருந்தால் போதும். பெரியவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள், ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. கையில்தான் கணக்கு இருந்ததே! பத்து வயதுப் பிள்ளை சொன்ன எண்ணை அவர்கள் எதற்காக அப்படிப் பிடித்துக்கொண்டார்கள் என்று பிறகு பல வருஷம் யோசித்திருக்கிறேன். முடிவு அம்மா வாயிலிருந்து ஏற்கெனவே வந்துவிட்டது. அதைத் தாங்கி நிற்க ஒரு எண் தேவைப்பட்டது.

மாலை எடுத்துக் கொடுக்க நின்ற மாமாவின் கழுத்தில் மாலை விழுந்தது. பத்தேகாலுக்குக் கெட்டிமேளம் கொட்டியது. ஈர ஓலைக்கடியில் புகை வெளியே போக வழியில்லாமல் எல்லோர் கண்ணிலும் தண்ணீர். அதனால் யார் அழுதார்கள், யார் அழவில்லை என்று சொல்ல முடியாது.

ராகுகாலத்துக்குள் பந்தி போட முடியாது என்று எல்லோரும் எழுந்து கலைந்து நின்ற வேளையில், வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். கங்காணி முழங்கால் வரை சேறாக இருந்தார். மாப்பிள்ளை துப்புரவாக இருந்தார். சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு, தலையில் ஈரம். கால்களில் மட்டும் அட்டை கடித்த இடங்களிலிருந்து ரத்தம் நிற்காமல் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார். அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தவர், மாமாவின் கழுத்து மாலையைப் பார்த்தார். பிறகு அக்காவின் கழுத்தைப் பார்த்தார். சிரிப்பை உடனே எடுத்துவிட அவருக்குத் தெரியவில்லை. அது முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தது.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

மாமாதான் பதில் சொன்னார். "பத்தேகால், தம்பி."

"ஒம்பதரைக்கெல்லாம் இந்த ஊர் ஆத்தங்கரைக்கு வந்துட்டோம்னு நினைக்கிறேன். மூட்டத்துல நேரம் சரியாத் தெரியலை. சேத்தோட கல்யாண வீட்டுக்குள்ள எப்படிப் போறதுன்னு குளிச்சு வேட்டி மாத்தினேன்." கழுத்தில் வழிந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டார். "கெட்டிமேளம் கேட்டுது. இன்னைக்கு முகூர்த்த நாளு, வேற யாரு வீட்டுக் கல்யாணமோன்னு நினைச்சேன்."

கங்காணிதான், "பாதி ராவு வரைக்கும் நடத்திக் கூட்டியாந்தேன் முதலாளி. குறுக்கால வந்தா முப்பது, முப்பத்திரண்டு மைல்தானுங்க" என்றார். எல்லோர் தலையும் என் பக்கம் திரும்பியது. அப்பா சட்டென்று முன்னால் வந்து என்னை மறைத்துக்கொண்டு, "பாப்பா சொன்னது ரோட்டு வழிக் கணக்கு. அது சரிதான். நாந்தான் தப்பா விளங்கிக்கிட்டேன்" என்றார். திட்டியிருந்தால், ஒரு அறை கொடுத்திருந்தால், இத்தனை வருஷம் இது என் நெஞ்சில் கிடந்திருக்காது. அவர் சாகும் வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை மத்தியானம் பந்தியில் உட்கார்ந்தார். புதுப்பெண் பரிமாற வேண்டும் என்பதால் அக்காதான் அவர் இலையில் பாயசம் விட்டாள். போதும் என்று அவர் கையைக் காட்டினார். அவ்வளவுதான். வண்டி ஓடத் தொடங்கிய அன்றே அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

மாமாவை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்பது வருஷம் அக்காவைக் கண்ணுக்குள் வைத்துத்தான் காப்பாற்றினார். அக்காவும் நன்றாகத்தான் வாழ்ந்தாள் என்று ஊரார் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொள்வேன்.

ஆனால் அன்று சாயங்காலம் நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. எதிர்வீட்டுக்கு அழைத்துப் போவதற்கு முன் தலைப்பூவைக் கழற்ற அக்கா கொல்லைப்புறம் வந்தாள். நான் கூடப் போனேன். சடையிலிருந்து தாழம்பூவை ஒவ்வொரு மடலாக எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"எதுக்குடி அப்படி வளைச்சு வளைச்சு வச்சே?"

நான் அழுதுவிட்டேன். "நீ போயிருவேன்னு. எனக்கு நீ போகக் கூடாதுக்கா."

அவள் கோபப்படவில்லை. நான் அழுது முடிக்கும் வரை பொறுத்திருந்தாள். பிறகு, "நீ வச்சப்பவே பாத்தேன். வாயைத் திறந்தா, பொண்ணு மாப்பிள்ளைக்கு அலையுதும்பாங்க" என்றாள். மிச்சமிருந்த மடலைத் தானே பிய்த்துக் கீழே போட்டாள்.

"அத்தனை பேரும் உன்கிட்டக் கேட்டாங்க. அப்பா ரெண்டு தடவை கேட்டாரு. என்கிட்ட ஒருத்தரும் கேக்கலை. நீயும்தான் கேக்கலை."

உள்ளேயிருந்து அம்மா அவளைக் கூப்பிட்டாள். அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு மாமா வீட்டில் விளக்கேற்றப் போனாள்.